திறந்திடு சீசேம்: டபிள்யூகெட்டும் கர்லும் பாஸ்வேர்ட் சொல்லப் பழகிய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். அலாவுதீனோட பாஸ்வேர்ட் என்ன?

"திறந்திடு சீசேம்"னு சொன்னீங்கன்னா அது தப்பு. அது அலிபாபா கதை. 1956-இல் வந்த எம்ஜிஆர் படத்தை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில பார்த்தவங்களுக்கே தெரியும். குகையைத் திறக்கிற மந்திரம் அலிபாபாவுடையது, அலாவுதீன்கிட்ட இருந்தது விளக்கு. ஆனால் 1996 மே மாதம் எச்டிடிபி 1.0-ஐ விளக்கி வெளிவந்த ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணம், வலைத்தளத்துக்குப் பாஸ்வேர்ட் அனுப்பும் முறைக்கு ஒரு உதாரணம் கொடுக்கிறது. யூசர் பெயர் அலாவுதீன், பாஸ்வேர்ட் ஓப்பன் சீசேமி. 1999-இல் வந்த அடுத்த ஆவணத்திலும் அதே உதாரணம். 2015-இல் வந்ததிலும் அதேதான்.

கதை மாறிப்போனாலும் உதாரணம் பொருத்தமானதுதான். அந்தக் குகைக் கதையில் என்ன நடந்தது? திருடர் தலைவன் வைத்திருந்த பாஸ்வேர்ட் பலவீனமானது இல்லை. யாராலும் ஊகிக்க முடியாத ஒன்று. ஆனால் அதை வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னான். மறைந்திருந்த ஒருவன் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான், புதையல் போச்சு.

நாம டெர்மினல்ல தினமும் பயன்படுத்துற டபிள்யூகெட், கர்ல் ரெண்டோட வரலாறும் இதே பிரச்சினையோட வரலாறுதான். பாஸ்வேர்டைச் சொல்வது சுலபம். அது யார் காதில் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். இதைக் கற்றுக்கொள்ள இந்த ரெண்டு டூலுக்கும் இருபத்தைந்து வருஷம் ஆச்சு.

இரண்டு டூல், ஒரே காலம்

முதலில் அறிமுகம். டபிள்யூகெட்டை எழுதியவர் குரோஷியாவைச் சேர்ந்த ஹர்வொயே நிக்ஷிச். 1995 கடைசியில் ஆரம்பித்தபோது அதன் பெயர் கெட்யூஆர்எல். அமிகா கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே அதே பெயரில் ஒரு புரோகிராம் இருப்பது தெரிந்ததும் பெயரை மாற்றினார். அடுத்த வருஷம் ஜனவரியில் டபிள்யூகெட் வெளியானது.

கர்ல் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க்கின் வேலை. 1996-இல் ஐஆர்சி அரட்டை அறை ஒன்றுக்கு அவர் ஒரு பாட் வைத்திருந்தார். அன்றன்றைய நாணய மாற்று விகிதத்தை வலையிலிருந்து எடுத்து அந்த பாட் சொல்ல வேண்டும். அதற்காகத் தேடியபோது ரஃபேல் சகுலா என்ற பிரேசில்காரர் எழுதிய எச்டிடிபிகெட் என்ற குட்டி புரோகிராம் கிடைத்தது. அதை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். அது 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் வெளியானது.

ரெண்டும் செய்யுற வேலை பார்க்க ஒண்ணுதான். ஒரு முகவரி கொடு, என்டர் தட்டு, கோப்பு வந்துடும். பிரவுசர் வேண்டாம், மவுஸ் வேண்டாம். ஆனா கோப்பு இருக்கிற கதவு பூட்டியிருந்தா?

கேட்டால் சொல்

பழைய ரவுட்டரோட அட்மின் பக்கத்தைத் திறந்திருக்கீங்களா? 192.168.1.1 என்று அடித்தால், பக்கம் வருவதற்கு முன்னாலேயே ஒரு சாம்பல் நிறப் பெட்டி குதித்து வந்து யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அதுதான் பேஸிக் ஆதென்டிகேஷன். வலையின் முதல் பூட்டு.

உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் பக்கத்தைக் கேட்கிறீர்கள். சர்வர் 401 என்ற எண்ணோடு பதில் அனுப்புகிறது. "யார் நீ? இந்த வாசலுக்கு பேஸிக் முறையில் அடையாளம் காட்டு" என்பது அதன் பொருள். பிரவுசர் உங்களிடம் கேட்டு வாங்கி, பெயரையும் பாஸ்வேர்டையும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்து ஒட்டி, பேஸ்64 முறையில் எழுத்துகளை மாற்றி, ஆதரைசேஷன் என்ற ஹெடரில் வைத்து மறுபடி அனுப்புகிறது.

பேஸ்64 பூட்டு கிடையாது, இதை நல்லா கவனிச்சுக்கோங்க. அது எழுத்து மாற்றம் மட்டும்தான். திருப்பிப் படிக்க எந்தச் சாவியும் தேவையில்லை. 1990களின் வலையில் பெரும்பாலான பக்கங்கள் வெறும் எச்டிடிபியில்தான் ஓடின. அதே நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்கும் யாரும் அந்த ஹெடரை எடுத்துத் திருப்பிப் படிக்கலாம். குகை வாசலில் கத்திச் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

டூல்களுக்கு இந்த முறை ரொம்ப வசதி. சர்வரும் புரோகிராமும் பேசிக்கொள்ளும் மொழிக்குள்ளேயே கேள்வியும் பதிலும் இருக்கிறது. கர்லில் மைனஸ் யு போட்டுப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் முடிந்தது. டபிள்யூகெட்டுக்கு யூசர், பாஸ்வேர்ட் என்று இரண்டு ஆப்ஷன்.

ஆனால் இதிலேயே ஒரு சுவாரஸ்யமான வேறுபாடு இருக்கிறது. டபிள்யூகெட் 1.10.2 வரைக்கும், பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் சர்வர் கேட்கும்வரை காத்திருக்காது. முதல் கோரிக்கையிலேயே பேஸிக் ஹெடரைச் சேர்த்து அனுப்பிவிடும். 2008-இல் வந்த 1.11 இதை மாற்றியது. முதலில் எதுவும் காட்டாமல் போய்க் கேட்கும், சர்வர் 401 சொன்னால் மட்டும் காட்டும். பழைய பழக்கம் வேண்டுமென்றால் ஆத் நோ சேலஞ்ச் என்ற ஆப்ஷனைத் தனியாகப் போட வேண்டும். கேள்வியே கேட்காமல் உள்ளே வந்தவர்களுக்கு வேறு பக்கம் காட்டும் சில தளங்களுக்கு அது இன்றும் தேவைப்படுகிறது.

கர்ல் நேர் எதிர். மைனஸ் யு கொடுத்தால் கேட்பதற்கு முன்பே பேஸிக் போய்விடும். எனிஆத் என்ற ஆப்ஷன் போட்டால்தான் முதலில் சர்வரிடம் என்னென்ன முறை தெரியும் என்று விசாரித்து, அதில் பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுக்கும்.

சத்தம் போடாமல் சொல்ல முடியுமா?

பேஸிக்கின் ஓட்டை எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் 1997 ஜனவரியிலேயே டைஜெஸ்ட் என்ற மாற்று வந்தது. இதில் பாஸ்வேர்ட் வயரில் போவதே இல்லை. சர்வர் ஒரு எண்கோவையை அனுப்பும். புரோகிராம் அதையும் பாஸ்வேர்டையும் கலந்து எம்டி5 என்ற அரவை இயந்திரத்தில் போட்டு, வரும் மாவை மட்டும் அனுப்பும். சர்வரும் தன் பக்கம் அரைத்துப் பார்க்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா கதவு திறக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது.

யோசனை அழகானது. கர்லிலும் 2003-இல் வந்தது. ஆனாலும் டைஜெஸ்ட் பரவவில்லை. பாஸ்வேர்ட் மட்டும்தான் மறைகிறது, பக்கத்தின் உள்ளடக்கம் அப்படியே திறந்து போகிறது. அது போக, எம்டி5 நாளாக நாளாகப் பலவீனமானது. கடைசியில் பேஸிக்கைக் காப்பாற்றியது எச்டிடிபிஎஸ். மொத்த உரையாடலையும் ஒரு மூடிய குழாய்க்குள் நடத்தினால், உள்ளே கத்திச் சொன்னாலும் வெளியே கேட்காது. 2015 ஆவணமும் இதையே சொல்கிறது: இந்த மாதிரிக் குழாய் இல்லாமல் பேஸிக்கை நம்பாதீர்கள்.

ஆனா குழாயோட மறுமுனையில யார் இருக்காங்கன்னு தெரியணும்ல? அதைச் சொல்றதுதான் சான்றிதழ். சான்றிதழில் எர்ரர் வந்ததும் கர்லில் மைனஸ் கே போடுவோம், டபிள்யூகெட்டில் நோ செக் சர்டிஃபிகேட் போடுவோம். வேலை நடந்துவிடும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து, குழாயின் மறுமுனையில் யார் இருந்தாலும் பரவாயில்லை, பாஸ்வேர்டைக் கொடுத்துவிடு என்று டூலுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம். குழாய் மூடியபடியேதான் இருக்கிறது, அது நேராகத் திருடன் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

கதவு போய் வரவேற்பறை வந்தது

இதற்கிடையில் வலை வேறு திசையில் போய்விட்டது. அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வணிகத் தளங்களுக்குப் பிடிக்கவில்லை. லோகோ வைக்க முடியாது, "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா" என்று ஒரு லிங்க் தர முடியாது, ஒழுங்காக லாகவுட் கூட செய்ய முடியாது.

1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு கோரிக்கையும் முதல் சந்திப்பு மாதிரிதான். குக்கீ ஒரு டோக்கன் சீட்டு. முதல்முறை வந்தபோது கொடுத்ததை அடுத்தமுறை காட்டினால் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். அதோடு எச்டிஎம்எல் படிவத்தைச் சேர்த்தால் லாகின் பக்கம் ரெடி. பாஸ்வேர்டைப் படிவத்தில் ஒரு தடவை கொடு, குக்கீயை வாங்கிக்கோ, அதுக்கப்புறம் குக்கீயை மட்டும் காட்டு.

மனிதருக்கு இது வசதி, டூலுக்குத் தலைவலி. பேஸிக்கில் சர்வர் தெளிவாக 401 சொல்லும். படிவ லாகினில் அது 200 சொல்லும். அதாவது "எல்லாம் சரி, இந்தா பக்கம்". நீங்கள் கேட்ட பிடிஎஃப்-க்குப் பதிலாக லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்து உட்கார்ந்திருக்கும், கோப்பின் பெயர் மட்டும் பிடிஎஃப் என்றிருக்கும். டவுன்லோடு ஆன கோப்பு எல்லாம் ஒரே சைஸில், சில கேபியில் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் டூல்கள் பிரவுசர் மாதிரி நடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2001-இல் டபிள்யூகெட்டுக்குக் குக்கீ வந்தது. 2003-இல் படிவத்தை நிரப்பி அனுப்பும் போஸ்ட் வந்தது. முதல் கட்டளையில் லாகின் செய்து குக்கீயைக் கோப்பில் சேமி, இரண்டாவது கட்டளையில் அந்தக் கோப்பைக் காட்டி டவுன்லோடு செய் என்பது வழக்கமானது. அதிலும் ஒரு சிக்கல். பல தளங்களின் லாகின் குக்கீ, பிரவுசரை மூடினால் அழிய வேண்டிய வகை. டபிள்யூகெட்டின் ஆயுளோ சில விநாடிகள். அது முடிந்தாலே பிரவுசரை மூடியது போலத்தான், குக்கீ கோப்புக்குள் போகாது. அதைத் தக்கவைக்க கீப் செஷன் குக்கீஸ் என்று தனியாக ஒரு ஆப்ஷன் வைத்தார்கள்.

அந்தக் குக்கீ கோப்பின் வடிவம் நெட்ஸ்கேப் பிரவுசருடையது. ஒரு வரிக்கு ஏழு விவரங்கள், நடுவில் டேப். நெட்ஸ்கேப்புக்கு 2008-இல் மூடுவிழா நடந்துவிட்டது. ஆனால் இன்றும் கர்ல், டபிள்யூகெட், யூடியூப் வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பி எல்லாம் அதே வடிவத்தைத்தான் படிக்கின்றன. பிரவுசர் செத்துப்போச்சு, அதோட டைரி மட்டும் உயிரோட இருக்கு.

அந்த டைரியை லேசாக நினைக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் பாஸ்வேர்ட் இல்லைதான். ஆனால் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் தாண்டி உள்ளே போனபின் கிடைத்த சீட்டு அது. அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ, சர்வருக்கு அவர்தான் நீங்கள். "எனக்கு டவுன்லோடு ஆகல, உன் குக்கீஸ் கோப்பை அனுப்பு மச்சி" என்று நண்பர் கேட்டால், உங்கள் அக்கவுன்டையே கேட்கிறார் என்று அர்த்தம்.

அக்கம்பக்கத்துக் காதுகள்

இதுவரை வயரில் ஒட்டுக்கேட்பவர்களைப் பற்றிப் பேசினோம். உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே காதுகள் இருக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு டீமில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தது. யாருடைய புரோகிராம் அதிகமாக மெமரி தின்கிறது என்று பார்க்க பிஎஸ் கட்டளையைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் முழுக் கட்டளை வரியோடு பட்டியலில் வரும். அதில் இன்னொரு டீமின் டவுன்லோடு கட்டளையும், அதில் அவர்களுடைய பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரிந்தது. யாரும் எதையும் உடைக்கவில்லை. யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள் பலவற்றில் இது இயல்பான நடத்தை. டபிள்யூகெட் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. கர்ல், தான் தொடங்கியதும் கட்டளை வரியில் இருக்கும் பாஸ்வேர்டை மேலெழுதி மறைக்கப் பார்க்கும். ஆனால் எல்லா சிஸ்டத்திலும் அது முடியாது. முடிந்தாலும் தொடக்கத்தில் ஒரு கணம் தெரியத்தான் செய்யும். ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பு வேறு தனியாக எழுதி வைத்துக்கொள்ளும்.

இதற்கு பிஎஸ்டி யூனிக்ஸின் எஃப்டிபி காலத்திலேயே ஒரு தீர்வு இருந்தது. ஹோம் டைரக்டரியில் டாட் நெட்ஆர்சி என்ற கோப்பு. மெஷின் என்று எழுதி சர்வரின் பெயர், லாகின் என்று எழுதி உங்கள் பெயர், பாஸ்வேர்ட் என்று எழுதி பாஸ்வேர்ட். டபிள்யூகெட் இதைத் தானாகவே பார்க்கும். கர்லுக்கு மைனஸ் என் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்ட் உள்ள அந்தக் கோப்பை மற்றவர்களும் படிக்க முடிகிற மாதிரி வைத்திருந்தால், பழைய எஃப்டிபி புரோகிராம் லாகின் செய்யவே மறுத்துவிடும்.

எனக்கு இந்தக் கோப்பில் பிடித்த விஷயம் அதன் முதல் சொல்தான். பாஸ்வேர்ட் இங்கே தனியாக இருப்பதில்லை, எந்த மெஷினுக்கு என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரமும் ரகசியமும் ஒரே இடத்தில்.

முகவரிக்குள்ளேயே பெயரையும் பாஸ்வேர்டையும் வைக்கும் பழக்கம் இதற்கு எதிர்மாறு. முகவரி ஊர் முழுக்கச் சுற்றும் பொருள். டபிள்யூகெட் திரையில் முகவரியைக் காட்டும்போது பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தை மறைத்துத்தான் காட்டும். அவ்வளவு கவனம். ஆனால் 2018 டிசம்பரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தெரியட்டுமே என்ற நல்ல எண்ணத்தில், டபிள்யூகெட் முழு முகவரியையும் கோப்பின் கூடுதல் பண்புகளில் எழுதி வைத்திருந்தது. பாஸ்வேர்டோடு சேர்த்து. திரையில் மறைத்ததை, கோப்பின் முதுகில் எழுதி ஒட்டிவிட்டது. 1.20.1 பதிப்பில் அந்த வசதி தானாக இயங்குவதை நிறுத்தினார்கள், பாஸ்வேர்ட் பகுதி சேமிக்கப்படுவதையும் நீக்கினார்கள்.

"அந்த வீட்டுக்குப் போங்க"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ரீடைரக்ட். ஒரு சர்வரிடம் கோப்பைக் கேட்டால், "அது இங்கே இல்லை, அந்த முகவரிக்குப் போ" என்று திருப்பிவிடும். கர்லில் மைனஸ் எல் போட்டால் பின்தொடர்ந்து போகும், டபிள்யூகெட் தானாகவே போகும். கேள்வி இதுதான்: முதல் வீட்டுக்காகக் கொடுத்த சாவியை இரண்டாவது வீட்டில் காட்டலாமா?

காட்டக் கூடாது. கர்லுக்கு அது தெரியும். மைனஸ் யு-வில் கொடுத்த பாஸ்வேர்டை வேறு ஹோஸ்டுக்குப் போகும்போது அது விட்டுவிடும். எல்லா இடத்திலும் காட்டு என்று சொல்ல லொகேஷன் டிரஸ்டட் என்று தனி ஆப்ஷன் வேண்டும்.

ஆனால் அதற்குள் பழக்கம் மாறியிருந்தது. படிவ லாகினில் ஓடிபி, கேப்சா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் சேர்ந்ததும், டூல்கள் மனிதர் மாதிரி நடிப்பது கஷ்டமானது. அதனால் தளங்கள் இயந்திரங்களுக்கென்று தனி டோக்கன் கொடுக்க ஆரம்பித்தன. 2012-இல் பேரர் டோக்கன் தரநிலை வந்தது. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு அக்கவுன்ட் பாஸ்வேர்டை ஏற்பதையே நிறுத்தி, டோக்கன் கேட்டது. அந்த டோக்கன் எங்கே போகிறது தெரியுமா? 1996-இல் பேஸிக் போன அதே ஆதரைசேஷன் ஹெடரில். இருபது வருஷம் சுற்றிவிட்டு பழைய வாசலுக்கே வந்துட்டோம்.

எல்லாரும் அந்த ஹெடரை மைனஸ் பெரிய எச் போட்டுக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கர்லின் பார்வையில் மைனஸ் யு ரகசியம். மைனஸ் எச்? அது பயனர் சேர்க்கச் சொன்ன ஏதோ ஒரு வரி. ரீடைரக்ட் வேறு ஹோஸ்டுக்குப் போனாலும் அந்த வரியை விசுவாசமாகத் தூக்கிக்கொண்டு போனது. 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில்தான் இதைச் சரிசெய்தார்கள். ஆரம்பத்திலிருந்தே இருந்த நடத்தை அது, டோக்கன் காலம் வந்தபிறகுதான் ஆபத்தானது. 2021-இல் டபிள்யூகெட்டிலும் இதே ரகத்தில் ஒரு ஓட்டை பதிவானது. 2022-இல் கர்ல் இன்னும் நுணுக்கமான ஒன்றை அடைத்தது. ஹோஸ்ட் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் போர்ட் அல்லது புரோட்டோகால் மாறினால் அது வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரியும். இதில் எதிலுமே யாரும் பாஸ்வேர்டை ஊகிக்கவில்லை, சங்கேதத்தை உடைக்கவில்லை. சரியான பாஸ்வேர்ட், சரியாகப் பயன்படுத்தப்பட்டு, தவறான காதில் விழுந்திருக்கிறது.

நம்ம கையில் இருப்பது

இன்றைக்கு உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு டோக்கன் இருந்தால், இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். கட்டளை வரியில் நேராக எழுதாதீர்கள். கர்லில் மைனஸ் யு-வுக்குப் பெயரை மட்டும் கொடுத்தால் பாஸ்வேர்டை அதுவே கேட்கும், டபிள்யூகெட்டுக்கு ஆஸ்க் பாஸ்வேர்ட் இருக்கிறது. ஆள் இல்லாமல் ஓடும் வேலையென்றால் டாட் நெட்ஆர்சியில் வைத்து, சிஎச்மோட் 600 போடுங்கள். மைனஸ் எல் சேர்ப்பதற்கு முன் அந்த முகவரி எங்கே திருப்பிவிடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். மைனஸ் கே இருக்கும் பழைய ஸ்கிரிப்ட் எதுவென்று தேடி, அந்தச் சான்றிதழ் எர்ரருக்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடியுங்கள். சர்வரில் இருக்கும் கர்ல், டபிள்யூகெட் பதிப்பையும் பாருங்கள். இதில் பாதி ஓட்டைகள் ஒரு அப்டேட்டில் அடைபடுபவை.

டோக்கனை எவ்வளவு நீளமாக உருவாக்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை, அது போகும் பாதையில் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று பார்க்கச் செலவிட்டாலே போதும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க டீம்ல பொது சர்வர் இருந்தா, இதைக் கேட்டு முடிச்சதும் பிஎஸ் அடிச்சுப் பாருங்க. யாரோட பாஸ்வேர்டாவது தெரிஞ்சா, அவங்ககிட்ட மெதுவா, தனியா போய்ச் சொல்லுங்க.